வியன்னாவில் தாளித்த கதை

டப்ளினில் யார் வீட்டிலாவது நாலு குடும்பம் கூடினால் என் கணவர் அந்தக் கதையை எடுத்துவிடுவார். அயர்லாந்து டப்ளின் இல்லை, கலிஃபோர்னியாவில் நாங்கள் இருக்கும் டப்ளின். "இவ வியன்னாக்குப் போயி ஃபயர் இன்ஜினையே வரவழைச்சா" என்று ஆரம்பிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். ஒரு வருஷமாக நானும் கூடவே சிரித்து வைத்திருக்கிறேன். இனி முடியாது. அவர் சொல்வதில் பாதிக் கதைதான் இருக்கிறது. மீதியை நான் சொல்லிவிடுகிறேன்.

நாற்பத்திரண்டு வயதில் வயலின் கற்றுக்கொள்ளத் தொடங்கியவள் நான். செவ்வாய்க்கிழமைகளில் ஆபீஸ் முடிந்ததும் பக்கத்து ஊரான பிளசன்டனில் ஒரு டீச்சர் வீட்டுக்கு நேராக ஓட்டிக்கொண்டு போவேன். எனக்கு முந்தைய வகுப்பில் இருக்கும் பையனுக்கு ஏழு வயது, எனக்கு அடுத்து வரும் பெண்ணுக்கு ஒன்பது. வீட்டில் நான் வில்லை எடுத்தாலே என் மகள், "அம்மா, ப்ளீஸ் க்ளோஸ் தி டோர்" என்பாள். மூடிக்கொண்டு வாசிப்பேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், இந்த வயதில் எனக்கென்று நான் ஆசைப்பட்டது இது ஒன்றுதான்.

அதனால்தான் ஸ்பிரிங் பிரேக்கில் மூன்று குடும்பமாக வியன்னாவுக்கு மூன்று நாள் போகலாம் என்று பேச்சு வந்தபோது, மற்றவர்கள் ஃப்ளைட் பார்த்துக்கொண்டிருக்க, நான் கச்சேரி தேடினேன். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, முழுக்க வயலினுக்கான ஒரு நிகழ்ச்சி. ஒரே ஒரு இருக்கை மிச்சம் இருந்தது. எடுத்துவிட்டேன். தொலைந்துவிடக் கூடாதே என்று டிக்கெட்டைக் கணவருக்கும் அனுப்பி வைத்தேன். அந்தப் புத்திசாலித்தனத்தின் பலன் பிறகு வருகிறது.

எங்கள் கூட்டத்தில் வீட்டுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பொங்கல் பாட்லக்கோ வளைகாப்போ, முதலில் ஒரு ஷீட் போட்டு வேலையைப் பிரிப்பது வழக்கம். இதற்கும் போட்டோம். ரைஸ் குக்கர் ஒரு வீடு, புளிக்காய்ச்சல் ஒரு வீடு, பருப்புப் பொடியும் அப்பளமும் இன்னொரு வீடு. சமையல் முறை பெண்கள் மூவருக்கும் மாறி மாறி வந்தது. ஆண்கள் பொறுப்பு என்ற கட்டத்தில் 'டிரைவிங்' என்று எழுதியிருந்தது. வியன்னாவில் போக வர டிராம் இருக்கிறது. ஒருவரும் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அந்தப் பொறுப்பு அப்படியே ஆவியாகிவிட்டது, அதற்குப் பதிலாக வேறொரு பொறுப்பை எழுத யாருக்கும் தோன்றவில்லை. ஞாயிறு கட்டத்தில் மட்டும் நான் தெளிவாக எழுதி வைத்தேன்: '11 மணி முதல் நான் கிடையாது.'

அழகான ஊர், அதில் சந்தேகமில்லை. வெண்ணெய் நிறத்தில் வரிசை வரிசையாகக் கட்டடங்கள். வாசல்களில் பால்கனியைத் தலையில் தாங்கி நிற்கும் கல் பெண்கள். அவர்களைப் பார்த்ததும் ரொம்ப நாள் பழகிய முகங்கள் போல இருந்தது. நாங்கள் எடுத்த அபார்ட்மென்ட் நாலாம் மாடியில், ஆளுயர ஜன்னல்களும் மரத் தரையும் கூடத்தில் ஒரு சரவிளக்குமாக இருந்தது. அந்தச் சரவிளக்குக்குக் கீழே பதினோரு பேருக்கு நாங்கள் சாம்பார் சாதம் பரிமாறினோம். சனிக்கிழமை அரண்மனையில் பாதி அறைகளைப் பார்த்ததுமே எல்லோரும் திரும்பிவிட்டோம். ஏன் என்றால், வீட்டில் ரசம் இருந்தது. ஆறாயிரம் மைல் பறந்து வந்து, ராஜா தூங்கிய கட்டிலைப் பார்க்காமல் ரசத்துக்காகத் திரும்பிய கூட்டம் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஞாயிறு காலை பட்டு ஜரிகை போட்ட காட்டன் புடவை கட்டிக்கொண்டு ஒன்பது மணிக்கே தயாராகிவிட்டேன். மற்ற இரண்டு பெண்களும் மூன்றாவது குடும்பத்து ஆணும் பிள்ளைகளைப் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். சாதம் வடித்துப் புளிக்காய்ச்சலைக் கலந்து வைத்தாயிற்று. என் கணவரும், குடும்பத்தோடு எங்களுடன் வந்திருந்த அவருடைய ஆபீஸ் நண்பரும் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நண்பர் கோயம்புத்தூர்க்காரர், பிளசன்டனில் இருக்கிறார், மரியாதையான மனிதர். அவர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க சிஸ்டர், புளிச்சோத்துக்கு ரெண்டு மொளகா புதுசாத் தாளிச்சுப் போட்டீங்கன்னா நல்லா இருக்குமுங்க" என்றார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். நேரம் இருக்கிறதே என்று நல்லெண்ணெயை ஊற்றினேன். வழவழவென்று கண்ணாடி போட்ட அந்த அடுப்பு எப்போது சூடாகிறது, எப்போது கொதிக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மிளகாயைப் போட்டதும் ஒரே நொடியில் கருகிப் புகைந்தது. நெடி நாலாம் மாடி முழுக்க ஏறியது. ஜன்னலைத் திறக்கும் வழி தெரியவில்லை. அலாரம் அலறியது. கீழ்வீட்டு அம்மாள் போன் செய்ய, பத்து நிமிஷத்தில் தீயணைப்பு வீரர்கள் இருவர் வந்து நின்றார்கள்.

பாவம், ரொம்ப மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஒருவர் ஜன்னலைத் திறந்துவிட்டார். இன்னொருவர் வாணலியைப் பார்த்து, இருமி, "சில்லி?" என்று கேட்டார். அபார்ட்மென்ட் ஓனருக்குத் தகவல் சொல்லவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போன் செய்தேன். பதினோரு மணிக்குள் வந்து பார்ப்பதாகவும், யார் பெயரில் புக்கிங்கோ அவர் வீட்டில் இருக்கவேண்டும் என்றும் அவர் சொன்னார். என் பெயரில்தான் புக்கிங். எல்லா புக்கிங்கும் என் பெயரில்தான்.

"நீங்க இருந்து பேசிக்கோங்களேன். எனக்குப் பத்தரைக்குக் கெளம்பணும்" என்று கணவரிடம் சொன்னேன்.

"நீதானே புக் பண்ண, நீதானே தாளிச்ச. நான் போயி என்னத்தப் பேசறது?" என்றார்.

குளியலறையில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். கண் எரிந்தது மிளகாயாலா என்று கேட்காதீர்கள். வெளியே வந்தபோது நண்பரைக் காணவில்லை.

"அவன கச்சேரிக்கு அனுப்பிச்சுட்டேன். டிக்கெட்ட வாட்ஸ்அப்ல ஃபார்வர்ட் பண்ணிட்டேன். நீதான் இங்க மாட்டிக்கிட்டியே, வேஸ்ட் ஆயிடும்ல" என்றார் கணவர். ஏதோ பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்ட முகம்.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்கள். அந்தப் பிள்ளையாராவது தேங்காய் வேண்டும் என்று கேட்டிருக்கமாட்டார். என் ஆசையை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இன்னொருவருக்குத் தாரை வார்த்துவிட்டு, அதைச் சிக்கனம் என்று சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்.

ஓனர் பத்தே முக்காலுக்கு முன்பே வந்துவிட்டார். கூரையை அண்ணாந்து பார்த்தார். சுவரை விரலால் தடவினார். ஒன்றும் ஆகவில்லை, நல்ல வாசனை, என்று சிரித்துவிட்டுப் போனார். மொத்தம் நாலு நிமிஷம். கச்சேரி அரங்கம் பத்து நிமிஷ நடை. டிக்கெட் என் போனிலும் இருந்தது. ஆனால் என் இருக்கையில் அதற்குள் ஆள் உட்கார்ந்திருந்தது. புடவையோடு ஜன்னலருகே நின்றேன். பதினோரு மணிக்கு ஊர் முழுக்கச் சர்ச் மணி அடித்தது. மனசார வயிறெரிந்தேன்.

ஒன்றேகால் மணிக்கு நண்பர் திரும்பினார். பார்க்குக்குப் போனவர்கள் ஏற்கெனவே வந்து, சாப்பிட்டுவிட்டிருந்தார்கள். "எப்படிரா இருந்துச்சு?" என்றார் கணவர்.

"நெம்ப நல்லா இருந்துச்சுடா. ஏஸி குளுகுளுன்னு. நடுவால கொஞ்சம் கண்ணசந்துட்டேன்" என்றவர், கையில் இருந்த நிகழ்ச்சிப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "உங்களுக்காகத்தானுங்க எடுத்துட்டு வந்தேன், சிஸ்டர்."

வாங்கினேன். உள்ளே வாசித்த ஒவ்வொன்றின் பெயரும் வரிசையாக இருந்தது. மூன்றாவதாக இருந்தது, கதவை மூடிக்கொண்டு எட்டு மாதமாக நான் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அது வரும்போது அவர் விழித்திருந்தாரா என்று கேட்கத் தோன்றியது.

"புளிச்சோறு மீதி இருக்குதுங்களா?" என்றார்.

என் கணவர் மேல் கோபம் உண்டு, அதை அவரிடமே சொல்லியாகிவிட்டது. இந்த மனிதர் மேல் அவ்வளவு இல்லை, கொடுத்ததை வாங்கிக்கொண்டார். ஆறாத கோபம் வேறொருத்தி மேல். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சாதத்தைச் சூடு பண்ணி, அப்பளம் பொரித்து, சரவிளக்குக்குக் கீழே அவர் முன்னால் தட்டை வைத்தவள் மேல். அவர் பாதி சாப்பிட்டு முடித்ததும், "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்டவளும் நான்தான்.