றெஜினா அக்காவின் ஓம்

சென்ற தவணையில் ஒரு திங்கட்கிழமை இடைவேளைக்கு ஓடிப்போனபோது எங்கள் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலை பூட்டியிருந்தது. வழக்கம்போல வரிசையில் நின்றோம். அதிபர் வந்து, சிற்றுண்டிச்சாலை றெஜினா அக்கா அதிகாலையில் மாரடைப்பால் காலமானார் என்றார். அதன் பிறகும் வரிசை கலையவில்லை.

அவரிடம் வடை வாங்காதவர்கள் எங்களில் இல்லை. அவர் ஒலி சேகரித்தது சிலருக்கே தெரியும். அதற்கு முந்திய விடுமுறையில் நான் ஒரு சவாலில் சேர்ந்தேன். முப்பது நாளும் சுற்றுப்புறத்து ஒலியை ஒரு நிமிடம் பதிந்து வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்ப வேண்டும். பதிவில் பேச்சுக் கேட்டால் அந்த நாள் சேராது. ஒரு நாள் தவறினாலும் விலக வேண்டியதுதான். கேள்விப்பட்டதும் அக்கா, "நானும் வாறன்" என்றார்.

நான் மின்விசிறியையும் புத்தகத் தாளையும் பதிந்தேன். "உது என்ன பிள்ளை, ஆக்களில்லாத வீடு மாதிரிக் கிடக்கு!" என்று சிரித்தார். அவர் யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் வள்ளம் புறப்படுவதையும், சட்டிக்குள் நண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதையும் பதிந்து எனக்கு அனுப்புவார். கைபேசியில் இடமில்லாததால் உடனே அழித்தும்விடுவார். நிமிடக் கணக்குக்கு வெட்டிக் குழுவில் போடுவது என் வேலை.

எல்லாவற்றிலும் ஒரு குறை. தெருவால் போகிறவர்கள் "றெஜினா, சமைச்சாச்சே?" என்பார்கள். "ஓம்" என்பார் இவர். முதல் ஒன்பது நாளும் அந்தப் பேச்சை வெட்டி எறிந்தேன். பத்தாம் நாள் பிடிபட்டேன்.

"என்ரை ஓம் எங்கை பிள்ளை?"

"கதைச்சால் அந்த நாள் சேராது, அக்கா."

"கேக்கிற ஆளுக்கு மறுமொழி சொல்லாமல் நிக்கிறதே? எடுப்புப் பிடிச்சவள் எண்டெல்லே சொல்லுவினம்!"

அன்றைய பதிவில் கேட்டவரின் குரல் விழவில்லை, அக்காவின் ஓம் மட்டும் தெளிவாக இருந்தது; பயந்து பயந்து வெட்டாமல் போட்டேன். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர், "ஓம் என்று ஜெபிப்பது யார்? பக்கத்தில் கோயிலா?" என்று கேட்டார். வாசித்துக் காட்டியதும் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாதாவே! என்னைச் சைவமாக்கிப் போட்டினம். நான் வேதக்காரி எண்டு எழுது பிள்ளை." எங்கள் ஊரில் 'ஆம்' என்பதுதான் ஓம் என்று எழுதினேன். குழுவினர் சிரித்து, அந்த நாளைச் சேர்த்துக்கொண்டார்கள். அதன்பின் நான் எந்த ஓமையும் வெட்டவில்லை; அக்கா முப்பது நாளையும் முடித்தார்.

செத்தவீட்டில் அவர் மகள் என்னிடம் வந்தார். "தங்கச்சி, அம்மான்ரை குரல் உங்களிட்டை ஏதும் இருக்கே?" குரலோடு இருபத்தொரு நாளின் பதிவுகள் இருந்தன. முந்திய ஒன்பதில் நான்தான் குரலை வெட்டினேன் என்பதையும் சொன்னேன். அவர் என் கைபேசியை வாங்கி ஒவ்வொன்றாகக் கேட்டார். ஐந்தாவதில் அழுகையோடு சிரித்துவிட்டார். "கேக்கிற ஆக்களுக்கெல்லாம் ஓம் எண்டுறா, பாருங்கோ!"

இந்த விடுமுறையிலும் சவாலில் சேர்ந்திருக்கிறேன். நேற்று மழையைப் பதிந்துகொண்டிருந்தபோது அடுத்த வீட்டு மாமி வேலிக்கு அப்பாலிருந்து, "பிள்ளை, அம்மா நிக்கிறாவோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். அதை வெட்டவில்லை.