அண்ணனின் இடது கை

வானொலியில் அந்த இசைத்தட்டைப் போட்டுவிட்டு, "அண்ணனும் தம்பியும் ஒருவருக்கொருவர் எவ்வளவு அழகாக விட்டுக்கொடுக்கிறார்கள், கேளுங்கள்" என்று ஒருவர் உருகுகிறார். எனக்கோ அந்தப் பெட்டியைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்துவிடலாம் போல வருகிறது. அதில் டிரம்ஸ் அடித்தவன் நான்தான். யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஜாஸ் கேட்கிறவர்கள் அந்தத் தம்பியை இன்றைக்கு மேதை என்கிறார்கள். நாங்கள் 'நெட்டை' என்றுதான் கூப்பிடுவோம். மீன் வைக்கும் குளிர்கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவன் அவன். அங்கே கம்ப்ரஸர் நாள் முழுக்க ஒரே சுருதியில் உறுமும். மற்றவர்களுக்குத் தலைவலி. இவன் மட்டும் அந்தச் சத்தத்துக்குக் கீழே ஒரு சுரத்தைப் பிடித்து முனகிக்கொண்டே வேலை செய்வான். ஒருநாள் அண்ணன் ஏதோ வேலையாக அங்கே போனவர் அதைக் கேட்டுவிட்டார். அவர் ஓட்டலில் பியானோ வாசிப்பவர். அவர் குழுவில் பாஸ் என்கிற கீழ்ச்சுரத் தந்தி வாத்தியம் வாசித்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறிப் போயிருந்த நேரம் அது.

"டேய், இந்த முனகலை அப்படியே இதுல வாசிடா" என்று ஆள் உயர டபுள் பாஸை இவன் கையில் கொடுத்துவிட்டார்.

நானும் நெட்டையும் அதைத் துணியால் சுற்றி அவர்கள் வீட்டு மாடிப்படியில் முக்கி முனகி ஏற்றிக்கொண்டிருந்தோம். கீழ்வீட்டுக்காரர் சுவரோரமாக ஒதுங்கி நின்று, "யாருங்க தவறிட்டாங்க?" என்றார். நெட்டைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பாஸின் மொத்தக் கனமும் என் தலையில். அப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் அப்படித்தான் சிரிப்பான், பாவி.

இசையை எழுதிவைக்க அவனுக்குத் தெரியாது. அவன் முனகுவான், அண்ணன் எழுதுவார். குழு வாசித்ததில் பாதி அப்படி வந்ததுதான். தொங்கப்போட்ட துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது ஒன்று, 'ஈரச் சட்டை'. அண்ணியின் தையல் மெஷின் தடித்த துணியில் திக்கித் திக்கிப் போனது இன்னொன்று. வீட்டில் எது சத்தம் போட்டாலும் அவனுக்கு மெட்டு.

"நிம்மதியா ஒருத்தரைத் திட்டக்கூட முடியல. திட்டினா அதையும் பாட்டாக்கிடுறான்" என்பாள் அண்ணி.

அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே ஒரு சண்டைதான். ஆனால் அது தினமும் நடக்கும். பியானோவில் இடது கை தொடும் கீழ்ச்சுரங்கள் இருக்கும் இடத்தில்தான் பாஸும் நடமாட வேண்டும். அண்ணனுக்கு இடது கை கனம். நெட்டை என்ன வாசித்தாலும் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

"அண்ணா, அந்த இடது கையைக் கொஞ்சம் சும்மா வையேன். எனக்கும் எடம் வேணாமா?"

"வேணும்னா கையைக் கட்டிப்போட்டுட்டு வாசிக்கட்டுமா?"

"கட்டு. கயிறு நான் வாங்கித் தர்றேன்."

வருஷக்கணக்கில் இதே பேச்சு. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போனது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வாசிப்பைப் பதிவு செய்ய ஓட்டல்காரர்கள் ஆள் வைத்திருந்தார்கள். பியானோவைச் சுவரைப் பார்த்துப் போட்டிருந்ததால் எங்களுக்குத் தெரிந்தது அண்ணனின் முதுகு மட்டும்தான். நெட்டை புதிதாகக் கட்டியிருந்த மெட்டு ஒன்றை எடுத்தோம். பாதி வழியில் அண்ணனின் இடது கை நின்றது.

நெட்டை என்னைத் திரும்பிப் பார்த்தான். முகமெல்லாம் பல். "விட்டுட்டாருடா" என்று உதட்டை மட்டும் அசைத்தான். இத்தனை வருஷம் கெஞ்சியது, பதிவாகிற அன்றைக்குப் பார்த்துக் கிடைத்திருக்கிறது என்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை. வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். வாசித்தான் பாருங்கள்! சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்கள். மேலே அண்ணனின் வலது கை மூன்று சுரங்களைத் தட்டியது. சற்று விட்டு, மறுபடியும் அதே மூன்று. நெட்டை அதைப் பிடித்துக்கொண்டு கீழேயிருந்து பதில் சொன்னான். மறுபடி மூன்று வந்தது. இவன் வேறொரு பதில் சொன்னான். அண்ணன் கேட்கக் கேட்க இவனுக்கு ஊறிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் மேலே சத்தம் அடங்கியது. நெட்டை தனியாகவே வாசித்து முடித்தான்.

கைதட்டல் அடங்கவே இல்லை. அவன் பாஸைக் கீழே சாய்த்துவிட்டு ஓடிப்போய் அண்ணனைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டான். அவர் அப்படியே இடப்பக்கம் சரிந்தார்.

பக்கவாதம். உயிர் பிழைத்தது. இடது பக்கம் போய்விட்டது, வாய் கோணி, பேச்சு குழறியது. அந்தச் சில நிமிஷத் தாமதத்தால் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். நெட்டை அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

இசைத்தட்டு வெளியே வந்தது. கொண்டாடினார்கள். பியானோ ஒதுங்கி நின்று பாஸைப் பேசவிடும் பக்குவம் என்று பத்திரிகையில் பத்தி பத்தியாக எழுதினார்கள். எங்கெங்கிருந்தோ அவனை வாசிக்கக் கூப்பிட்டார்கள். அவன் எங்கும் போகவில்லை, புதிதாக எதுவும் கட்டவில்லை, முனகுவதுகூட நின்றுபோனது. ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும் அவனுக்கு. அதைக் கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்கினான்.

"மொதல்ல அவராதானே கையை எடுத்தாரு? அது அப்புறம்தானே வந்திருக்கும்?"

"நான் என்னத்தடா கண்டேன்? முதுகுதானே தெரிஞ்சுது."

"கொஞ்ச நேரமாவது அவரா குடுத்ததா இருக்கும்டா. அது போதும் எனக்கு."

"அப்போ அவர்கிட்டயே கேட்டுத் தொலை" என்று எரிந்து விழுந்தேன். அவன் அண்ணனைக் குளிப்பாட்டுவான், தூக்கி உட்காரவைப்பான், முகம் மழித்துவிடுவான். கேட்க மட்டும் வாய் வராது. அண்ணனுக்கு அப்போதுதான் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

ஒருநாள் நானும் அங்கே இருந்தேன். அண்ணி பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நெட்டை அண்ணனுக்கு ஒரு கன்னம் மழித்து முடித்து, மறு கன்னத்தில் சோப்பு தடவியவன், அவர் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டுவிட்டான்.

"அண்ணா, அன்னிக்கு இடது கையை எனக்காகத்தானே எடுத்த?"

அண்ணன் வலது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். வார்த்தை வர நேரமானது.

"இல்லடா. கை வரல. குரலும் வரல. திரும்பவும் முடியல." மூச்சு வாங்கிக்கொண்டார். "அதான் உன்னைக் கூப்பிட்டேன்."

அண்ணி மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"எப்படிண்ணா கூப்பிட்ட?"

அண்ணன் நாற்காலிக் கையில் விரலால் மூன்று முறை தட்டினார். சற்று விட்டு, மறுபடியும் மூன்று.

நெட்டை சோப்பு நுரையோடு இருந்த அந்த முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"கேட்டுச்சுண்ணா" என்றான். "ஒவ்வொரு தடவையும் கேட்டுச்சு."