நிச்சயதார்த்தத்துக்குப் போன கார்புரேட்டர்

சேந்தமங்கலத்துத் தண்டாயுதபாணி முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இத்தனை வருஷம் இன்ஜினோடு ஒரே வண்டியில் போய்வந்தவருக்கு இன்ஜினைப் பற்றித் தெரியாதது எதுவும் இருக்க முடியாது என்பது அவர் கட்சி. மனைவி மயிலம்மாள் அந்தக் கட்சியில் சேரவில்லை. அவர் ரிப்பேர் செய்த தையல் மெஷின் பின்பக்கமாக மட்டுமே தைத்தது. மின்விசிறியோ ஒன்றாம் நம்பரில் சூறாவளியாகவும் ஐந்தாம் நம்பரில் தூங்கி வழிந்தும் சுற்றியது.

மரவள்ளிக் காட்டில் களை எடுக்க அவர் ஒரு பவர் வீடர் வாங்கியிருந்தார். பெட்ரோலில் ஓடும் சின்ன மெஷின். மழைக்காலம் முழுக்க டேங்கில் பழைய பெட்ரோலோடு மூலையில் கிடந்த அது, தை மாசம் கயிற்றை இழுத்தபோது நாலு தடவை இருமிவிட்டு அடங்கிவிட்டது. மெக்கானிக் காளிதாஸிடம் போனில் கேட்டார். கார்புரேட்டரில் ஜெட் அடைத்திருக்கும், நீங்கள் எதையும் கழற்றாமல் அப்படியே கொண்டுவாருங்கள் என்றார் காளிதாஸ். ஜெட் அடைத்திருக்கும் என்பது வரைக்கும் தண்டாயுதபாணி கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

ஜெட் என்பது பித்தளையில் செய்த குட்டித் திருகு. நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிது. நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் அதன் வழியாகத்தான் போக வேண்டும். தலையில் திருப்புளி உட்கார ஒரு வெட்டு இருக்கும். வியாழக்கிழமை சாயங்காலம் கார்புரேட்டரைத் தனியாகக் கழற்றி எடுத்து, பொருந்தாத திருப்புளியை வைத்து அழுத்தித் திருகியதில் அந்த வெட்டு மழுங்கிப்போனது. ஜெட் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, மயிலம்மாளின் தம்பி வெங்கடாசலத்தின் மகள் ரஞ்சிதாவுக்கு ஜேடர்பாளையத்தில் நிச்சயதார்த்தம். எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆறரை மணிக்குத் தண்டாயுதபாணி போனில் ஒரு வீடியோ பார்த்தார். திருப்புளியின் நுனியில் உடனே ஒட்டும் பசையைத் தடவி, மழுங்கிய தலைமேல் வைத்து, அசையாமல் பத்து நிமிஷம் அழுத்திப் பிடித்தால் போதும் என்றான் அதில் ஒருவன். இவர் பசை டியூபைப் பிதுக்கினார். நுனிக்குப் போனது போக மீதி அவர் உள்ளங்கைக்குப் போனது. அதை அவர் பார்க்கவில்லை. ஜெட்மேல் திருப்புளியை வைத்து, கண்ணை மூடி, பத்து நிமிஷம் ஆடாமல் அசையாமல் அழுத்திப் பிடித்தார். வாழ்க்கையில் ஒரு யோசனையை அவர் முழுசாகக் கடைப்பிடித்தது அன்றைக்குத்தான்.

கண்ணைத் திறந்தபோது ஜெட்டோடு திருப்புளி ஒட்டியிருந்தது. திருப்புளியோடு அவரும் ஒட்டியிருந்தார்.

தேங்காய் எண்ணெய், சோப்பு, நெய் எதுவும் வேலைக்கு ஆகவில்லை. மயிலம்மாள் திட்டவில்லை, திட்ட நேரமில்லை. கார்புரேட்டர் சட்டைக் கைக்குள் நுழையாததால் புதுச் சட்டையின் பக்கத் தையலைப் பிரித்து, அவரை உள்ளே நுழைத்து, ஏழு ஊக்குப் போட்டு மூடினாள். கையை ஒரு துண்டால் சுற்றினாள்.

"அங்க யாருகிட்டயும் வாயத் தொறக்காதீங்க. இது களண்டு வந்தா எனக்கு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றாள்.

பஸ்ஸில் கண்டக்டர் துண்டைப் பார்த்து, அது என்ன லக்கேஜ் என்று கேட்டார். உடம்போடு ஒட்டியிருப்பது லக்கேஜில் சேராது என்று தண்டாயுதபாணி பரமத்தி வேலூர் வரைக்கும் வாதாடினார். கண்டக்டர் கடைசியில் வேறு ஸீட்டுப் பக்கம் போய்விட்டார்.

பந்தலில் இரண்டு வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ராகுகாலம் பன்னிரண்டு மணி வரைக்கும். அது கழிந்து பன்னிரண்டே காலுக்குத் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை நந்தகுமாரின் பெரியப்பா கைலாசம், தண்டாயுதபாணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாற்பது வருஷம் மாட்டுத் தரகு பார்த்த மனிதர். சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசிப் பழகியவர். பக்கத்து ஆளின் கைமேல் துண்டைக் கண்டதும், என்ன ஏது என்று யோசிக்காமல் அவர் கை தானாகத் துண்டுக்குள் போனது. போன கை அங்கேயே நின்றது. கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது கார்புரேட்டருங்களா?"

"ஆமாங்க."

"ஜெட்டு சிக்கிக்கிச்சுங்களா?"

"நானும் சிக்கிக்கிட்டனுங்க."

கைலாசம் தலையை ஆட்டினார். தன் மருந்தடிக்கும் மெஷினுக்கும் இதே கதி ஆனதாகவும், கார்புரேட்டரைச் சுடுதண்ணீரில் போட்டால் உடம்பு விரிந்து ஜெட்டை விட்டுவிடும் என்றும் சொன்னார். இரண்டு பேரும் சமையல் பக்கம் நழுவினார்கள்.

சமையல்காரி சாலம்மாள், பெட்ரோல் வாசம் வீசும் எதுவும் தன் அண்டா பக்கம் வரக்கூடாது என்று கரண்டியைக் குறுக்கே நீட்டினாள். பிறகு, பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, தூரத்தில் ஒரு பழைய பக்கெட்டில் கொதிதண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். தண்டாயுதபாணி பக்கெட்மேல் குனிந்து கார்புரேட்டரை மூழ்கவிட்டு எடுத்தார். கைலாசம் அதை ஈரச் சாக்கில் பொதிந்து, கன்றுக்குட்டியின் கழுத்தைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டார். இவர் இடதுபக்கம் திருப்பினார். அசையவில்லை. மறுபடி முக்கினார்கள். மூன்றாம் தடவை 'டொக்' என்று ஒரு சத்தம். திருப்புளி நுனியில் மழுங்கின தலையோடு ஜெட் வெளியே வந்தது.

தண்டாயுதபாணிக்குச் சந்தோஷத்தில் கால் நிற்கவில்லை. மனைவி கேட்டுக்கொண்டபடி அவளிடம் சொல்லப் பந்தலுக்கு ஓடினார். திருப்புளிக் கையை உயர்த்தி, கடைசி ஸீட்டு வரைக்கும் கேட்கும் கண்டக்டர் குரலில், "மயிலு, வந்துருச்சு" என்றார்.

பந்தலில் நல்ல நேரம் எப்போது வரும் என்று எல்லாரும் பசியோடு காத்திருந்தார்கள். வந்துருச்சு என்றதும் மேளக்காரர் அடித்துவிட்டார். மேளம் கேட்டதும் பெரியவர்கள் எழுந்தார்கள். எழுந்த கையோடு தட்டையும் மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் வெங்கடாசலம் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று ஐம்பது. நட்டநடு ராகுகாலமாக இல்லாவிட்டாலும், அதன் வால் இன்னும் பந்தலுக்குள்தான் இருந்தது.

எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். தண்டாயுதபாணி விஷயத்தைச் சொல்ல வாயெடுத்ததும் மயிலம்மாள் பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது. கடைசியில் கைலாசம் எழுந்தார்.

"இது ஒத்திகைன்னு வச்சுக்கோங்க. பன்னெண்டே காலுக்கு நெசமா மாத்திக்கலாம்" என்றார். மாட்டுச் சந்தையில் எத்தனையோ முறிந்த பேச்சை ஒட்டவைத்த குரல் அது.

பன்னிரண்டே காலுக்கு மறுபடியும் தட்டு மாறியது. இடைப்பட்ட இருபத்தைந்து நிமிஷத்தில் கல்யாணப் பெண்ணே தன் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைக் கொண்டுவந்து, பஞ்சில் தொட்டுத் தொட்டு மாமாவின் உள்ளங்கையைத் திருப்புளியிலிருந்து பிரித்தாள். அவள் பட்டுப்புடவையில் ஒரு சொட்டுப் படவில்லை. மாப்பிள்ளை நந்தகுமார் எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தவன், பஞ்சு தீர்ந்ததும் ஓடிப்போய் வாங்கிவந்தான். அவர்கள் இரண்டு பேரும் முதன்முதலாகப் பேசிக்கொண்டது அந்தப் பஞ்சைப் பற்றித்தான்.

புது ஜெட் போட்ட பவர் வீடர் இரண்டாவது இழுப்பிலேயே கிளம்பியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கைலாசம் தன் வீட்டு மிக்ஸியைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு சேந்தமங்கலம் வந்து இறங்கினார். வாசலில் இருவரும் அதைப் பிரித்துப் பரப்பி உட்கார்ந்ததைப் பார்த்த மயிலம்மாள், உள்ளே போய் இரண்டு டம்ளர் டீ போட்டு வைத்துவிட்டு, மூன்று மணி பஸ்ஸில் தம்பி வீட்டுக்குக் கிளம்பினாள்.