பொத்தானுக்கும் படத்துக்கும் நடுவே

அண்ணன் அதைத் துணிக்கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்தான். பீன்யாவிலிருந்து மெட்ரோ மாறி, ஆட்டோ பிடித்து, தொம்மலூரில் என் வீட்டு மூன்று மாடியும் ஏறி, மூச்சு வாங்க சோபாவில் வைத்தான். அவனுடைய பழைய வீடியோ கேம். வேலைக்குச் சேர்ந்து முதல் போனஸில் வாங்கியது. சாம்பல் நிறப் பெட்டி. கையில் பிடித்து ஆடுகிற கட்டையின் ஒயரில் நாலைந்து இடத்தில் கறுப்பு டேப்.

"உங்க அண்ணிக்குச் சொல்லிடாத பாப்பா. மார்க்கெட்டுக்குன்னு சொல்லிட்டு வந்துக்கிறேன்."

ஐம்பத்துநாலு வயது. தங்கவயலில் சுரங்கம் மூடுவதற்கு முன்பே பெங்களூருக்கு வந்து, முப்பது வருஷமாக ஒரே பட்டறையில் லேத்து மெஷினில் இரும்பு கடைகிறான். கடைந்த இரும்பின் மேல் விரலை ஓட்டி, தலைமுடி கனம் பிசகியிருந்தாலும் சொல்லிவிடுவான். ஒரு வருஷமாக அந்த வலதுகை நடுங்குகிறது. போன வாரம் டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் காதில் வாங்கிக்கொண்டேன். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பட்டறையிலோ, திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார்கள்: லேத்தா, சாமான் எடுத்துக் கொடுக்கிற ஸ்டோர்ஸா. கட்டாயமில்லையாம். உங்க விருப்பமாம்.

அவர்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆயிரம் உருப்படி கடையப்போகிறார்கள் என்றாலும் முதலில் ஒன்றை மட்டும் கடைந்து, அளந்து, அது தேறினால்தான் மீதி. ஃபர்ஸ்ட் பீஸ். இந்தக் கேம்தான் அவன் கைக்கு ஃபர்ஸ்ட் பீஸ். திரையில் ஒரு குட்டி மனிதன் இடிந்துவிழும் பாலங்களைத் தாவித் தாவிக் கடக்க வேண்டும். அந்த நாளில் மூன்றாவது பாலத்தை அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுவான்.

"தாண்டிட்டேன்னா லேத்து. இல்லன்னா..." கட்டையின் ஒயரை எடுத்து நீவினான்.

அவன் வீட்டு டப்பா டிவி எப்போதோ போய்விட்டது. என் டிவியோ சுவரளவு. ஆனால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஒயரைச் செருக அதில் ஓட்டையே கிடையாது. அதற்காக முந்தின நாளே எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போய், தீப்பெட்டி சைஸில் ஒரு கன்வர்ட்டர் வாங்கி வைத்திருந்தேன். மூன்று ஒயரும் அதற்குள், அதிலிருந்து ஒரே ஒயர் டிவிக்கு. படம் வந்தது. சுவர் முழுக்கச் சதுரம் சதுரமாக, வெளுத்து, பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு.

"இன்னா பாப்பா, இவன் பெங்களூர் வந்து இப்படி ஊதிட்டான்?"

சிரித்தோம். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தோம்.

முதல் பாலத்திலேயே விழுந்தான். மறுபடி விழுந்தான். அழுத்துகிறான், குட்டி மனிதன் யோசித்துவிட்டுத் தாவுகிறான். அதற்குள் பாலம் இல்லை. பத்துத் தடவை இருக்கும். சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆளைக் குறை சொல்வதற்கு முன்னால் மெஷினைப் பார்க்கச் சொல்வது அவன் குணம்.

"நீ அழுத்து, நான் பாக்குறேன்."

அழுத்தினேன். எனக்கும் பிந்தித்தான் தாவியது. நானும் விழுந்தேன்.

"பாத்தியா! டிவிலதான் ப்ளே இருக்குது, தேஞ்ச கியர் மாதிரி பிந்துது. என் கையில ஒண்ணுமில்ல. நாளைக்கு லேத்துலயே நிக்குறேன்னு சொல்லிடுறேன்." முகம் முப்பது வருஷம் பின்னால் போய்விட்டது. எழுந்து முகம் கழுவப் போனான். குழாய்ச் சத்தத்தோடு ஏதோ முனகினான். பாட்டு மாதிரி இருந்தது.

அவன் சொன்னது உண்மைதான். புது டிவிக்குப் பழைய படத்தை அப்படியே காட்டப் பிடிக்காது. வாங்கித் துடைத்து, மினுக்கி, அலங்காரம் பண்ணித்தான் வெளியே விடும். கண்ணிமைக்கும் நேரம்தான், ஆனால் பாலத்துக்கு அது போதும். எஸ்.பி. ரோடு கடைக்காரர் எனக்கு இதைச் சொல்லியிருந்தார். "படம் லேட்டா வந்தா, செட்டிங்ஸ்ல கேம் மோடு இருக்கும் மேடம். அத்த ஆன் பண்ணிடுங்கோ, சரியாப்பூடும்." மறந்துவிட்டேன் என்று எழுதலாம். மறக்கவில்லை. அவன் விழ விழ, ரிமோட்டு என் மடியிலேயே இருந்தது.

அந்தக் குழாய் ஓடிய நேரத்தில் என்னென்னவோ நினைத்தேன். இந்தப் பழியை டிவியே சுமக்கட்டுமே. அதற்கென்ன, சுவரில் தொங்குவதுதானே. பிறகு லேத்து நினைவுக்கு வந்தது. ஒருமுறை பட்டறைக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். இரும்பைக் கவ்விக்கொண்டு அந்தச் சக்கு சுற்றுகிற வேகத்தில் அது சுற்றுவதே தெரியாது, அசையாமல் நிற்கிற மாதிரி இருக்கும். அதன் பக்கத்தில் அவன் கை. நடுங்குகிற கை.

துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தான்.

"அண்ணா, இந்த டிவியைச் சரி பண்ணலாம்."

துண்டு நின்றது. என்னைப் பார்த்தான். ஏன் சொன்னாய் என்று கேட்கிற பார்வையா, ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்றா, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"பண்ணு," என்றான்.

பண்ணினேன். படம் கொஞ்சம் மங்கியது. அழுத்தினால் உடனே தாவியது. முதல் பாலம் தாண்டினான். இரண்டாவதும். மூன்றாவதில், அவன் கேட்காமலேயே கட்டைவிரல் அழுத்திவிட்டது. குட்டி மனிதன் தேவையில்லாமல் துள்ளி, பள்ளத்துக்குள் போனான். மறுபடி. மறுபடி. இப்போது யாரும் பிந்தவில்லை. கட்டையை இடது கையால் பிடுங்குகிற மாதிரி எடுத்து என்னிடம் நீட்டினான்.

"நீ ஆடு."

மூன்றாவது பாலத்தில் விழுந்தேன்.

"வேணும்னே விழாத. உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா, திருடி. ஒழுங்கா ஆடு."

ஒழுங்காக ஆடினேன். தாண்டிவிட்டது. அவ்வளவு சுலபமாக. நாலாவது பாலம் நீல வானத்தோடு வந்தது. நான் ஆடுவதை நிறுத்திவிட்டேன். அண்ணன் தலையை மட்டும் ஆட்டினான், அளந்து பார்த்து முடித்தவன் மாதிரி.

போனை எடுத்தான். எண்ணைத் தொடப் போன விரல் வேறெங்கோ தொட்டது. இரண்டு தடவை பார்த்துவிட்டு நானே சூப்பர்வைசருக்குப் போட்டு, அவன் காதோடு பிடித்துக்கொண்டேன்.

"நாளெயிந்த ஸ்டோர்ஸ்கே பர்த்தீனி சார்," என்றான் கன்னடத்தில், வேலையிடத்துக் குரலில். நாளையிலிருந்து ஸ்டோர்ஸுக்கே வருகிறேன். அவ்வளவுதான் சொன்னான். காரணம் சொல்லவில்லை.

போன் என் கையில் இருந்ததால் மறுமுனை எனக்கும் கேட்டது. "ஆய்த்து, ஆய்த்து, ஒள்ளேதாய்த்து." சரி சரி, நல்லதாப் போச்சு. ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை அந்த மனிதர். முப்பது வருஷம். சும்மா பேச்சுக்காவது, லேத்தை ஏன் விடுகிறாய் என்று கேட்டிருக்கலாம்.