வாங்கில் இருக்காத கோசலா

சுவிஸின் ஓல்டன் நகர ஐஸ் மைதானத்தில், ஆட்டக்காரர் குந்தியிருக்கும் வாங்குக்குப் பின்னால் நின்றபடியே பிளேன்ரீயை உறிஞ்சுகிறார் கோசலா. ஒரு கையில் பிளாஸ்க் மூடி. மற்றக் கை பலகைத் தடுப்பில் ஓயாமல் தட்டுகிறது. "ஹொப், ஹொப்! காலை எடுங்கோடி!" இவர் பழக்கும் பெண்பிள்ளைகள் ஐஸ் ஹொக்கி அணியில் முக்கால்வாசி சுவிஸ் பிள்ளைகள். அவர்களுக்கும் அந்த 'எடுங்கோடி' நன்றாகவே விளங்குகிறது.

ஆட்டத்தின்போது எல்லாப் பயிற்றுநர்களும் நிற்பார்கள்தான். இவரோ பெற்றோர் கூட்டத்திலும் நிற்பார், ரயிலிலும் நிற்பார், கலியாண வீட்டிலும் நின்றுகொண்டேதான் சாப்பாடு. "இருங்கோவன் கோசலா" என்றால், "நான் இருந்தது காணும் அண்ணை" என்பார்.

ஒலிம்பிக்கில் பெண்கள் ஐஸ் ஹொக்கி தொடங்கிய ஆரம்ப காலத்தில், சுவிஸ் அணியின் இரண்டாவது கோலி, அதாவது மாற்றுக் கோல் காப்பாளர், இவர். முழு உடுப்பும் மாட்டி, தலைக்கவசத்தை மடியில் வைத்தபடி, எல்லா ஆட்டங்களையும் வாங்கிலேயே கழித்தவர். ஒரு நிமிடமாவது இறக்கினார்களா? இல்லையே! "வேர்க்காமலே ஒலிம்பிக் முடிச்சனான்" என்று சிரிப்பார். கேட்கிற எனக்குத்தான் சிரிப்பு வராது.

அதனால் இவர் அணியில் ஒரு சட்டம்: எந்த ஆட்டமானாலும் கடைசிப் பத்து நிமிடம் இரண்டாவது கோலிக்கு. முதல் கோலி கிருசிகாவின் தகப்பனான எனக்கு இந்தச் சட்டம் ஒருநாளும் பிடித்ததில்லை.

போன மாதம் ஆராவ் அணியோடு இறுதி ஆட்டம். ஒரே ஒரு கோல்தான் முன்னே நிற்கிறோம். கடைசிப் பத்து நிமிடம் வந்ததும் கோசலா என் மகளை வெளியே எடுத்து, இரண்டாவது கோலி யானாவை அனுப்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன கோசலா, விசரோ? இது ஃபைனல்!"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஓம், தெரியும். அவளுக்கும் வேர்க்கட்டும் அண்ணை."

ஆராவ் பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள். யானா காலால் தடுத்தாள், வயிற்றால் தடுத்தாள், விழுந்து கிடந்தும் தடுத்தாள். கடைசி அடி தோளுக்கு மேலே பறந்து வந்தது. கையுறையை நீட்டி அப்படியே பிடித்தாள், பாருங்கள்! ஆட்டம் முடிந்த சங்கு ஊதியது. தடுப்பைத் தாண்டி முதலில் பாய்ந்து அவளைக் கட்டிப்பிடித்தது என் கிருசிகாதான். நான் கத்திய கத்தலில் இரண்டு நாள் தொண்டை கட்டிப்போயிற்று.

பிள்ளைகள் எல்லோரும் ஐஸில் கிடந்து உருண்டார்கள். யானா தலைக்கவசத்தைக் கழற்றினாள். தலைமுடி நனைந்து, நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. கோசலா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு பிளாஸ்கை எடுத்துக்கொண்டு முன்னால் வந்து, வெறுமையான வாங்கில் காலை நீட்டி இருந்தார்.