அண்ணன் போட்ட நாலு

அண்ணியிடம் ஒரு மலைவழி எவ்வளவு கடினம் என்று கேட்டால் நேரடியாகப் பதில் வராது. "இதுக்கு முன்னாடி எங்க ஏறியிருக்கீங்க?" என்று எதிர்க்கேள்விதான் வரும். மலையேறுவோர் சங்க அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக அவருக்கு இதுதான் வேலை. ஒரு நாட்டில் பாறையின் கடினத்துக்கு வெறும் எண் போடுவார்கள்; எண் கூடக் கூடக் கஷ்டம். இன்னொரு நாட்டில் எண்ணோடு ஓர் எழுத்தும் வரும். அங்கே ஆறு ஏறியவர், இங்கேயும் ஆறுதானே என்று கிளம்பினால் பாதிவழியில் முழி பிதுங்கும். உயர்ந்த மலை என்றால் மொத்த மலைக்கும் தனியாக ஒரு தரம் உண்டு: எவ்வளவு நீளம், நடுவில் திரும்ப முடியுமா, எப்படி இறங்குவது.

"எண்ணு ஒரு இடத்தோட கஷ்டத்தைத்தான் சொல்லும். அன்னிக்கு நாள் முழுக்க என்ன ஆகும்னு சொல்லாது," என்பார்.

வழிகாட்டிப் புத்தகத்தை அச்சுக்குத் தயார் செய்கிறவன் நான். நாட்டுக்கு நாடு தரங்களை ஒப்பிடும் அட்டவணையை ஏழு தடவை திருத்தச் சொல்லி என் உயிரை வாங்கியிருக்கிறார் புண்ணியவதி.

சிக்கல் என் அண்ணனால் வந்தது. எங்கள் மலையின் கிழக்குச் சுவரை, அந்தச் செங்குத்துப் பாறையை, முதன்முதலில் ஏறியவர் அவர். முதலில் ஏறியவர் சொல்வதுதான் தரம். வேறு யாரும் அதில் கைவைப்பதில்லை. அவர் நாலு என்று எழுதினார், இருபது வருடம் அப்படியே நின்றது. எங்கள் ஆட்களுக்கு இந்த வியாதி உண்டு. நாக்குத் தள்ள ஏறிவிட்டு, 'சுலபம்' என்று எழுதினால்தான் கெத்து.

இந்தக் கோடையில் வெளியூர்த் தம்பதி ஒன்று நாலுதானே என்று போய் நடுச்சுவரில் மாட்டிக்கொண்டது. மீட்புக் குழு போய் இறக்கியது. நல்லவேளை, கீறலோடு போயிற்று. அந்தப் பெண் அண்ணியின் மேசைக்கு வந்து, "உங்க புத்தகத்தை நம்பித்தானே போனோம்?" என்றாள். அண்ணி அன்று சாப்பிடவே இல்லை.

"புதுப் புத்தகத்துல நாலுன்னு வராதுங்க," என்றார் வீட்டில்.

"என் வழி. நான் நாலுன்னா நாலுதான்." அண்ணன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"சரி, நான் கை வைக்கல. இன்னொரு தடவை ஏறிப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

அண்ணனுக்கு வயது ஐம்பத்து மூன்று. வீம்பில் கிளம்பிவிட்டார். முன்னால் அவர், நடுவில் அண்ணி, கடைசியில் மூட்டை சுமக்க நான். மேல் பாதியில் பாறை வெளியே துருத்தும் இடத்தில் அண்ணனுக்குக் கால் வைக்க இடம் கிடைக்கவில்லை. தொங்கிக்கொண்டே கத்தினார்: "எந்த மடையன்டா இதுக்கு நாலு போட்டான்?"

அண்ணி கயிற்றை இறுக்கிப் பிடித்தார். எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியாமல் கயிறு ஆடியது.

உச்சியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகு அண்ணனின் குரல் இறங்கியிருந்தது. "ஆறுன்னு போட்டுக்கோ," என்றார். பாட்டிலை மூடிக்கொண்டே, "முதல்ல ஏறின அன்னிக்கு எனக்கு உயிரே போயிடுச்சு. பயந்தேன்னு யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதான் நாலு போட்டேன்."

"தெரியும்ங்க. கீழ கயிறைப் பிடிச்சிருந்தது நான்தானே. கயிறே நடுங்குச்சு."

"அடிப்பாவி! தெரிஞ்சுமா இத்தனை வருஷம் சொல்லல?"

அண்ணி ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "சொன்னா, நானும் பயந்தேன்னு சொல்லணுமே."