வட்டமும் செவ்வகமும்

கெட்ட மனசுக்காரி என்று யாராவது என்னைச் சொன்னால் சண்டைக்குப் போவேன். ஆனாலும் இதை நானே சொல்கிறேன்.

லண்டனில் ஓர் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. சிப்பி வளர்க்கும் கரைகளிலிருந்து கடல்நீர் போத்தலில் வரும். அதில் என்னென்ன டயட்டம் எத்தனை இருக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்து எழுத வேண்டும். டயட்டம் என்பது கண்ணாடி ஓடு போர்த்த, வெறுங்கண்ணுக்குத் தெரியாத பாசி. பதினொரு வருடமாக அங்கே நான் ஒருத்திதான் தமிழ்.

பிறகு அவள் வந்தாள். யாழ்ப்பாணத்தில் பட்டம் எடுத்து, பிரான்சில் அலுவலகங்கள் கூட்டித் துடைத்தவள். மூன்று மாத புரபேஷன். கடைசியில் சோதனையில் தேறினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் திரும்பவும் வாளியும் தும்புத்தடியும். இரண்டாம் கிழமையே மேலாளர் எல்லார் முன்னாலும் அவள் கண்ணின் கூர்மையைப் புகழ்ந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

சோதனைக்கு ஒரே நீரை அவளும் நானும் தனித்தனியாக எண்ண வேண்டும்; என் கணக்கோடு அவள் கணக்கை மேலாளர் ஒப்பிடுவார். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக்கூடாது. அன்றைய நீரில் அதிகம் இருந்தது வட்டமான ஓர் இனம். பால்மா டின் மாதிரி அது, மேலிருந்து பார்த்தால் வட்டம், பக்கவாட்டில் விழுந்து கிடந்தால் செவ்வகம். புதிதாக எண்ணுகிறவர்கள் இரண்டு இனம் என்று எழுதிவிடுவார்கள். நீர்த்துளியை மூடிய கண்ணாடித் துண்டை ஊசியால் மெல்லத் தட்டினால் போதும், செவ்வகம் புரண்டு வட்டமாகிவிடும்.

"அக்கா, இந்த வட்டமும் அந்தப் பெட்டி மாதிரிக் கிடக்கிறதும் ஒண்டோ, வேறயோ?"

ஊசி என் கையில்தான் இருந்தது.

"சோதினை நேரத்தில நான் சொல்லேலாது. சட்டம் எண்டால் சட்டம்."

"ஓம் அக்கா, அது சரிதான். குறை நினைக்காதேங்கோ."

அவள் கைகழுவப் போனபோது அவள் தாளைப் பார்த்தேன். வட்டம் ஒரு வரியில், செவ்வகம் இன்னொரு வரியில். சிரிப்பு வந்தது. அதற்கும் கீழே, சிப்பியை நஞ்சாக்கும் ஊசி போன்ற ஓர் இனத்தில் மூன்று கண்டதாக எழுதியிருந்தாள். என் தாளில் அது இல்லை. திரும்பிப் போய்த் தேடினேன். மூன்றும் இருந்தன. என் தாளில் எழுதினேன்.

வட்டத்தைப் பிரித்ததால் அவள் கணக்கு பாதிக்கு மேல் பிழையாயிற்று. அதோடு வேலையும் போயிற்று. அவள் கண்ட நஞ்சு இனத்தை யாரும் கவனிக்கவில்லை. நான் கண்டதற்கு மேலாளர் கைகொடுத்தார்.

அன்று ஒரே ரயிலில் திரும்பினோம். அவளுக்கு ரெய்னர்ஸ் லேன், எனக்கு ஹரோ. அழுது முடித்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த ஊசி மாதிரி இருந்ததை நீங்களும் கண்டனீங்களோ?"

"ஓம், கண்டனான்."

"அப்ப அதையாவது நான் சரியாப் பாத்திருக்கிறன்" என்று சிரித்தாள். "நல்லகாலம், நீங்கள் எண்டபடியால் கேட்டு நிம்மதியாப் போறன்."

ஹரோ வந்தது. நான் இறங்கினேன்.